கோழை என்ற சொல்லை விடுங்கள்

ஐயா,
தம்பி முன்னாள் போராளி. 2009 பங்குனியில் மாத்தளனில் நெற்றியில் செல் (எறிகணை) துண்டு பட்டது. ஒன்று இன்னும் உள்ளே. புனர்வாழ்வு முடிந்து வந்து, கடன் எடுத்து லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கினான். பிறகு பாதி விலைக்கு விற்றான். ஆத்திரம் வந்தால் "நான் செத்தால் உங்களுக்கு நிம்மதி" என்கிறான். சண்டையில் பயமறியாதவன் இப்போது கோழை மாதிரிக் கதைக்கிறான். கலியாணம் செய்துவைத்தால் சரிவருமா?
- ஒரு அக்கா, தர்மபுரம்

அன்புள்ள தங்கச்சி,

கலியாணம் வைத்தியமல்ல. இன்னொரு வீட்டுப் பிள்ளையை இதற்குள் இழுக்க வேண்டாம்.

'கோழை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை விடவில்லை. புதுக்குடியிருப்பில் என் கூட்டாளியின் செத்தவீட்டில் ஒருவர் அதே சொல்லைச் சொன்னார். அவ்விடத்திலேயே அவரோடு சண்டை பிடித்தேன். கூட்டாளி வழங்கல் பகுதியில் இருந்தவன். எத்தனை மூட்டை எந்தப் பாதையால் போகவேண்டும் என்று தாள் பார்க்காமல் சொல்லுவான். தலைக்காயத்துக்குப் பிறகும் கணக்குப் பிசகவில்லை. ஆனால் கைக்கு வந்த காசு அன்றே போகும், வந்த கோபம் அந்தக் கணமே வெடிக்கும். ஊர் அதைத் திமிர் என்றது.

திமிரில்லை, காயம். 1994இல் அமெரிக்காவின் அயோவாவில், நெற்றிக்குப் பின்னால் மூளை பழுதானவர்களைக் காசு வைத்து ஆடும் விளையாட்டில், பல கட்டுகளிலிருந்து சீட்டு எடுக்க வைத்துப் பார்த்தார்கள். புத்தியும் ஞாபகமும் நன்றாக இருந்தவர்கள்தான். ஆனாலும் உடனே பெரிய காசு தந்து, பிறகு அதைவிடக் கூடப் பறிக்கும் கட்டுக்கே திரும்பத் திரும்பக் கை போனது. உங்கள் லேண்ட்மாஸ்டர் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். டென்மார்க்கில் 1980 முதல் 2014 வரையான பதிவுகளில், தலைக்காயம் பட்டவர்களிடையே தற்கொலை மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பெரும்பாலானோர் அப்படிச் சாகவில்லை என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். நம் பிள்ளைகளுக்கோ காயத்தோடு கடனும் நித்திரையின்மையும்.

முள்ளந்தண்டில் அடிபட்டவரை "எழும்பி நட" என்று யாரும் ஏசுவதில்லை. இவனை மட்டும் ஏன் "யோசித்து நட" என்று ஏசுகிறீர்கள்?

1995இல் இலங்கையில் லட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்யத் தடைசெய்ய அது பாதிக்கும் கீழே இறங்கியது. சனம் திடீரென்று தைரியசாலிகளானதாலா? இல்லை. அந்தக் கெட்ட நேரத்தில் கைக்கெட்டியது உயிரை எடுக்கவில்லை, நேரமும் கடந்துபோனது. ஆகவே வயல் மருந்து உங்கள் வீட்டில் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது.

"சாக யோசிக்கிறியா?" என்று அவனிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஓம் என்றால் தனியே விடாதீர்கள். இரவானாலும் உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926க்கு எடுங்கள். இந்தக் கிழமையே மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், தலைக்குள் உலோகத் துண்டு இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.