அந்தச் சொல் யாருடையது?

ஐயா,

எங்கள் சபையில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது முதல் வரியில் மட்டும் என் வாய் அடைத்துக்கொள்கிறது. ‘பிதாவே’ என்றதும் குடித்துவிட்டு வந்து பெல்ட்டை உருவும் என் அப்பாதான் கண்முன் நிற்கிறார். மூப்பர் ஒருவரிடம் சொன்னேன், விசுவாசக் குறைவு என்றார். கடவுளை அம்மா என்று கூப்பிட்டால் தவறா? அப்பா மேல் உள்ள ஏக்கம்தான் கடவுள் என்று மனோதத்துவ அறிஞர் ஃப்ராய்ட் சொன்னது சரிதானோ என்றும் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஃப்ராய்டை விடுங்கள். ஏக்கம்தான் காரணமென்றால் உங்களுக்கு அந்தச் சொல் இனித்திருக்கும், கசந்திருக்காது. அம்மா என்று கூப்பிடலாமா என்கிறீர்கள். ‘ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்’ என்று ஏசாயா 66-ல் கர்த்தரே சொன்ன பிறகு என் அனுமதி எதற்கு?

கொஞ்ச நாளாக நானும் இந்தச் சொல்லோடுதான் இருக்கிறேன். பிடிபடுவதற்கு முந்தின நேரத்தில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு ‘அப்பா பிதாவே’ என்று ஜெபிப்பதாக மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார். அந்த ‘அப்பா’ நம்முடையது அல்ல, இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு அதை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் பொருளையும் எழுதினார், தமிழுக்கு வந்தபோது அது நம் வீட்டுச் சொல்லாகவே கேட்கிறது. அது குழந்தையின் மழலை என்று வெகுகாலம் பிரசங்கம் செய்தார்கள். இல்லை, வளர்ந்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று 1988-ல் ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் மறுத்து எழுதினார். தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம், இங்கே மூன்று வயதுப் பிள்ளைக்கும் அப்பாதான், அறுபது வயதுக்காரருக்கும் அப்பாதான்.

என் அப்பா குடிக்கமாட்டார், ஆனால் அடிப்பார். தம்பி காய்ச்சலில் கிடந்த ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பா கோரைப்பாயில் முழங்காலில் நின்று, டிரங்குப் பெட்டியில் நெற்றியை வைத்திருந்தார். வெடித்த குதிகால்கள் என் பக்கம் இருந்தன. ‘அப்பா... அப்பா...’ என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. செத்துப்போன தாத்தாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பயந்துபோய்ப் படுத்துவிட்டேன். அடுத்த வாரமும் என்னை அடித்தார், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்த இரவுக்கு அப்புறம் அந்தச் சொல் அவருக்குச் சொந்தம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நாம் வீட்டில் இருந்த அப்பாவைப் பெரிதாக்கி வானத்தில் உட்காரவைக்கிறோம். இயேசு சொன்னது அப்படியா? ‘பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள்’ என்றார், மத்தேயு 23:9, எடுத்துப் படியுங்கள். பிதா ஒருவர்தான், மற்றவர்களுக்கு அது கொஞ்ச காலத்துக்கு இரவல் கிடைத்த பெயர். பெல்ட்டை உருவிய மனிதர் இரவல் வாங்கியதை நாசமாக்கினார். அதை அவர் கையிலிருந்து பிடுங்காமல் இத்தனை வருடம் அவரிடமே விட்டுவைத்திருக்கிறீர்களே, ஏன்? போதாக்குறைக்கு அந்த மூப்பர் சொன்னதையும் நம்பினீர்கள். அடிபட்ட பிள்ளை வந்து அழும்போது விசுவாசத்தை அளந்து பார்க்கிறவரிடம் இனி இதைப் பேசாதீர்கள்.

உடனே சொல்லித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. ‘என் பிதாவே’ என்றா இருக்கிறது? ‘எங்கள் பிதாவே’ என்றுதானே இருக்கிறது? இந்த ஞாயிறு அந்த வரியை உங்களுக்கும் சேர்த்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்லட்டும், நீங்கள் ‘உம்முடைய நாமம்’ என்ற இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.