எத்தனை பேருக்கு வாக்குக் கொடுக்கலாம்?

வணக்கம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினோம். வீட்டில் மனம்விட்டுப் பேச ஆளில்லாத, படிப்பு பாதியில் நின்றுவிடக்கூடிய பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வழிகாட்டி. வாரம் ஒருமுறை சந்திப்பு. ஒரு காலத்தில் 30 தன்னார்வலர்கள் இருந்தோம். இப்போது 11 பேர். பிள்ளைகள் 40 பேர். புதிதாக வருகிறவர்கள் மூன்றே வாரத்தில் காணாமல் போகிறார்கள். நண்பர்களில் இருவர் விலகிவிட்டார்கள். கணக்கு, தொலைபேசி, ஆள் பிடிப்பது எல்லாம் என் தலையில். நிறுத்திவிடலாம் என்று நினைத்தால் பிள்ளைகளின் முகம் கண்முன் வருகிறது. இன்றைய இளைஞர்களுக்குச் சேவை மனம் குறைந்துவிட்டதா? இதை எப்படித் தொடர்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இளைஞர்களின் சேவை மனம் பற்றிய கேள்வி அல்ல. 11, 40 என்ற இரண்டு எண்கள்தான். ஆட்கள் 30 பேர் இருந்தபோது கொடுத்த வாக்கை இன்று 11 பேர் சுமக்கிறீர்கள். அந்த வாக்கைச் சுருக்கும் துணிவு வந்தால்தான் அமைப்பு நிற்கும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-ல் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் முன்னின்று ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. 506 சிறுவர்கள். பாதிப்பேருக்கு ஆலோசகர்கள் வீடுதேடிப் போய் உதவினார்கள். மீதிப்பேர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விடப்பட்டார்கள். இடையில் உலகப்போர் வந்தது, ஆலோசகர்கள் பலர் பாதியில் போனார்கள், 1945-ல் திட்டமும் முடிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களை, வளர்ந்த ஆண்களாகத் தேடிப் பிடித்து விசாரித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப்பேர் அது தங்களுக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள். ஆவணங்கள் வேறு கதை சொல்லின. உதவி பெறாதவர்களைவிட அவர்கள் எதிலும் மேம்பட்டிருக்கவில்லை. உடல்நலம், குடி, குற்றம் தொடர்பான சில அளவுகளில் மோசமாகவே இருந்தார்கள். 1978-ல் வெளியான இந்த முடிவின் காரணம் பற்றி இன்றும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் நல்லெண்ணத்தோடு போனால் தீங்கு நேராது என்ற நம்பிக்கையை அதைப் படித்த நாளில் நான் இழந்தேன்.

2002-ல் வந்த இன்னொரு ஆய்வு உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளைப் பார்த்தார்கள். வழிகாட்டியோடு ஓராண்டோ அதற்கு மேலோ உறவு நீடித்தவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம். மூன்று மாதத்துக்குள் உறவு முறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. வழிகாட்டி வராமல் போனால் பிள்ளை பழைய இடத்திலேயே நிற்பதில்லை, ஒரு படி கீழே இறங்குகிறது.

இதை நான் ஆய்விலிருந்து மட்டும் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதில் நானும் இப்படி ஓர் அமைப்பில் இருந்தேன். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் என் பொறுப்பில். எனக்கு வெளியூரில் வேலை கிடைத்தது, ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டேன். அவனிடம் நேரில் சொல்லத் தைரியமில்லை. நான்கு வாரம் அதே நேரத்துக்கு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான் என்று பிறகு ஒருவர் சொன்னார். அந்த நான்கு வாரம் இன்றும் என்னோடு இருக்கிறது.

ஆகவே முதலில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்துங்கள். உதவி வேண்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். உங்களால் எத்தனை பேரோடு ஓராண்டு இருக்க முடியும் என்பதை உங்கள் ஆள்பலம்தான் சொல்ல வேண்டும். இருக்கிற நாற்பது பேருக்கு ஒருவருக்கு ஒருவர் என்ற முறை இனி நடக்காது. இரண்டு பெரியவர்கள், ஏழெட்டுப் பிள்ளைகள் என்று சிறு குழுக்களாக மாற்றுங்கள். ஒருவர் விலகினாலும் தெரிந்த முகம் ஒன்று மிச்சமிருக்கும். இதில் பாதுகாப்பும் இருக்கிறது: ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கும் நிலையே வராது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, புதிதாக வருபவரைப் பற்றி விசாரிக்காமல் சேர்க்கும் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். மற்ற எந்தத் தவறையும் பிறகு சரிசெய்யலாம், இதைச் சரிசெய்ய முடியாது.

மூன்று வாரத்தில் போகிறவர்களைப் பற்றி. அவர்களுக்கு மனமில்லை என்று நான் நம்பவில்லை. வந்த அன்றே ஒரு பிள்ளையைக் கையில் ஒப்படைத்துவிட்டு நீங்கள் அடுத்த வேலைக்கு ஓடியிருப்பீர்கள். அந்தப் பிள்ளை வாய் திறக்காமல் இருந்திருக்கும். தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். பதின்வயதுப் பிள்ளை ஒரு புது ஆளை நம்பப் பல மாதங்கள்கூட ஆகலாம் என்று அவர்களிடம் யார் சொன்னது? முதல் இரண்டு மாதம் அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் உட்காரட்டும். ஓராண்டு வர முடியுமா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்; முடியாதவருக்குக் கணக்கு, வருகைப் பதிவு, இடம் ஏற்பாடு என்று வேறு வேலை கொடுங்கள். விலகுவதானால் பிள்ளையிடம் நேரில் விடைபெற வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தன்னார்வலர்களை வாரம் ஒருமுறை கூப்பிட்டு "போன வாரம் எப்படி இருந்தது?" என்று கேட்பதற்கென்றே ஒருவர் வேண்டும். உங்கள் அமைப்பில் இல்லாத பதவி இதுதான் என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

அந்த ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாது. குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் தொடங்கி இன்றும் நடக்கிறது. அங்கே பொறுப்புகள் சுழற்சியில் மாறும். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. பணம் விஷயத்தில் நீங்கள் அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை. ஆனால் பொறுப்பு கைமாறுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் கணக்கை விடுங்கள். புதியவர் உங்களைவிட மெதுவாகச் செய்வார், சில தவறுகளும் வரும். எடுத்துத் திருத்தாதீர்கள், பக்கத்தில் இருந்து காட்டுங்கள்.

நிறுத்துவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிறுத்துவது துரோகம் அல்ல. சொல்லாமல் நிறுத்துவதுதான் துரோகம். அப்படி முடிவெடுத்தால் ஓராண்டு முன்பே பிள்ளைகளிடம் தேதியைச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் அதற்குப் பிறகு கூப்பிட ஒரு பெரியவராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் நாற்பது பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த ஓராண்டுக்கு எந்தப் பிள்ளைக்கு யார் என்று பதினொரு பேரும் சேர்ந்து எதிரில் எழுதுங்கள். எதிரில் யாரும் இல்லாத பெயர்கள் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். அங்கிருந்து மேலே பேசுவோம்.

அன்புடன்.