புதுத் தூணில் முதலில் குடியேறுவது யார்?

(பாம்பனைச் சேர்ந்த ஸ்கூபா பயிற்சியாளர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பாம்பன் புதிய ரயில் பாலம் கட்டும்போது நீங்கள் கடலுக்குள் இறங்கியதாகக் கேள்விப்பட்டேன். அடியில் என்ன பார்த்தீர்கள்?
– வாசகர், மதுரை

பெரும்பாலும் கலங்கலைத்தான் பார்த்தேன் சார். சில நாள் கையை நீட்டினால் விரல் தெரியாது. தூண்களைச் சோதிக்கிற குழுவுக்கு ஒத்தாசையாகப் போனவன் நான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அங்கே கூட்டிப்போகக் கேட்டால் ஒரே பதில்தான், முடியாது. மிதவைகளின் நங்கூரக் கம்பி எப்போது இறுகும் என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. நீரோட்டம் வேறு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடலிலிருந்து (மன்னார் வளைகுடா) வடகடலுக்கு (பாக் விரிகுடா) இழுக்கும், வாடை என்கிற வடகிழக்குக் காற்றில் அப்படியே திரும்பும். அது தணிகிற நேரம் பார்த்துத்தான் இறங்கவே முடியும்.

கலங்கல் தெளிந்த நாளில் நான் ரசித்தது புதுத் தூண்களைத்தான். பக்கத்திலேயே 1914-ல் திறந்த பழைய பாலம். அதன் தூண்களில் சிப்பியும் கடற்பஞ்சும் அடுக்கடுக்காக ஏறி, கட்டுமானமே கண்ணுக்குத் தெரியாது. புதுப் பாலத்துக்கோ 333 பைல்கள், அதாவது கடலடியில் ஊன்றிய அடித்தூண்கள், எல்லாம் மொட்டையாக நின்றன. முதலில் ஒரு வழுவழுப்பு படியும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் படலம் அது. அதன் மேல் கொட்டலசு வந்து ஒட்டும். படகின் அடியில் பிடித்து நம் ஆட்களைப் பாடாய்ப் படுத்துகிற அதே கொட்டலசுதான்.

கண்ணாடி முகமூடியை ஒரு சாண் தூரத்தில் வைத்து அதைப் பாருங்கள். ஓட்டின் வாய் திறக்கும், இறகு மாதிரிக் கால்கள் வெளியே வரும், வீச்சுவலை போல விரிந்து தண்ணீரை ஒரு வாரு வாரி உள்ளே போகும். மறுபடி வரும். தலையை ஒட்டிக்கொண்டு காலால் சாப்பிடுகிற பிராணி! நான் சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததுதான் மிச்சம்.

கொட்டலசுக்குப் பின்னால் சிப்பி, கடற்பஞ்சு. பாசி பிடித்ததும் ஓரா மீன் கூட்டமாக மேய வரும். நிழல் கிடைத்தால் களவாய் மீனும் விடாது.

வேலைச் சத்தத்துக்கு மீன்கள் ஓடிவிடாதா?
– வாசகி, காரைக்குடி

விலகும். தண்ணீரில் சத்தம் நொடிக்கு 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து விழுவதால், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே நமக்குப் பிடிபடாது. மீனுக்கு உடம்பின் பக்கவாட்டுக் கோடு முழுக்க அதிர்வை உணரும். சில நாடுகளில் பைல் அடிக்கும்போது துளைக் குழாயைச் சுற்றிலும் கடல் தரையில் போட்டுக் காற்றை அடிப்பார்கள். குமிழித் திரை எழும்பிச் சத்தத்தை மட்டுப்படுத்தும்.

ஆனால் எனக்குச் சத்தத்தைவிட சேறுதான் பயம். மீனுக்கு ஓட வழி இருக்கிறது, பவளத்துக்கு இல்லை. அதன் திசுவுக்குள் வாழும் பாசிக்கு வெயில் வேண்டும். மேலே சேறு படிந்தால் பவளம் வழவழப்பான திரவத்தைச் சுரந்து தள்ளிப் பார்க்கும். தினமும் அதையே செய்யவைத்தால் எத்தனை நாள் தாங்கும்? தூணில் உயிர் வந்துவிட்டது, அதனால் கடலுக்கு நஷ்டமில்லை என்று சிலர் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொட்டலசு எங்கேயும் வளரும்.

பாலம்தான் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டதே, இப்போது பாலத்தடியில் முக்குளிக்கலாமா? எனக்கு நீச்சல் தெரியாது.
– கல்லூரி மாணவர், திருச்சி

தம்பி, பாலத்தடி வேண்டாம். கப்பல் போகிற வழி, ஓட்டமும் அதிகம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கமும் அனுமதியில்லாமல் போகக் கூடாது. வாடைக் காலத்தில் தென்கடல் அமைதியாக இருக்கும், கச்சானில் வடகடல். அதற்கேற்ப இடம் பார்த்துக் கூட்டிப்போவார்கள். நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளர் பிடித்திருக்க ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் நீந்தித்தான் ஆக வேண்டும். கடல் அட்டையைப் பார்த்தால் தொடாதீர்கள், 2001 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வரவே வராதீர்கள். காது அடைத்துக்கொண்டால் கீழே போகவும் முடியாது, கட்டிய பணத்துக்காக நீங்கள் அடம்பிடிப்பதை நான் சமாளிக்கவும் முடியாது.