குழம்பில் கலந்து கொடுத்தால் குடி நிற்குமா?

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய, குடியைப் பற்றித்தான். பெரும்பாலும் மனைவிமார், அம்மாக்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் கொத்தனார். கூலியில் பாதி கடைக்கே போகிறது. பக்கத்து ஊரில் ஒருவர், குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கும் பொடி என்று ஒன்றைக் கொடுக்கிறார். குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, விருத்தாசலம்

பதில்: வேண்டாம் சகோதரி. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாலும் கொடுக்காதீர்கள்.

பஸ் ஸ்டாண்டு சுவரிலும் கரண்ட் கம்பத்திலும் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீஸ்களை நானும் பார்க்கிறேன். பொடிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை. வெறும் பொடியாக இருந்தால் பணம் போனதோடு சரி. டைசல்ஃபிரம் மாத்திரையை இடித்துக் கலந்திருந்தால்தான் ஆபத்து. அது நல்ல மருந்துதான், நாங்களே எழுதிக் கொடுப்பதுதான். குடிக்கிற சரக்கு ஈரலுக்குப் போய் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், அப்புறம் அந்த நச்சும் உடைந்து வெளியேறும். இந்த மாத்திரை இரண்டாவது வேலையை நடக்க விடாது. நச்சு உடம்பிலேயே தேங்கி, குடித்த கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். இதயக் கோளாறு இருப்பவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் குடிப்பவர் எல்லாம் தெரிந்து, சம்மதித்து, பரிசோதனை முடிந்த பிறகே இதைக் கொடுக்கிறோம்.

ஒரு பெண் தன் கணவரை இப்படித்தான் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டை முழுக்க வாந்தி. என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் அழுகை மட்டும்தான். மாமியார் வெளியே போன பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, பேப்பரில் மடித்த பொட்டலம் ஒன்றை மேஜையில் வைத்தார். "ரசத்துல போட்டேன் சார், சரியாயிடும்னு சொன்னாங்க." கணவர் பிழைத்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் அந்தப் பெண்ணின் கையால் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை, தினமும் ஹோட்டல் சாப்பாடுதான். குடியும் நிற்கவில்லை, வீட்டில் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. இதை என்னால் மறக்க முடியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 'குடியை நிறுத்த வா' என்று கூப்பிட்டால் வரமாட்டார். வயிறு எரிகிறது, தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது என்று அவரே சொல்லும் நாள் ஒன்று வரும். அந்தக் காரணத்தைச் சொல்லியே மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அங்கே மனநலப் பிரிவு இருக்கும். அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டுமாவது போங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

கேள்வி: ஐயப்பனுக்கு மாலை போட்டால் என் வீட்டுக்காரர் 48 நாளும் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடைக்குப் போய்விடுகிறார். இதை நோய் என்கிறீர்களே, திமிர்தானே? – வாசகி, உசிலம்பட்டி

பதில்: அந்த வீட்டில் இருந்து பார்த்தால் திமிர் என்றுதான் தோன்றும், உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த 48 நாளை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்னே குளியல், சாயங்காலம் மறுபடி குளியல், பூஜை, பஜனை. ஊரே 'சாமி' என்று கூப்பிடுகிறது. கூடக் குடிக்கிற நண்பன்கூட அவரைக் கூப்பிடத் தயங்குவான். ஒருவர் தடுமாறினால் தாங்க இன்னும் பத்து சாமிகள். மாலையைக் கழற்றிய மறுநாள் இதில் ஒன்றுமே மிச்சமில்லை. அதே கூட்டாளிகள், அதே சாயங்காலம், வேலையிலிருந்து திரும்பும் வழியில் அதே கடை. ஆசை 48 நாளும் உள்ளேதான் இருந்தது, சுற்றி நின்றவர்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் அடுத்த முறை மாலை கழற்றுவதற்கு முந்தின வாரமே கூட்டி வாருங்கள். உடம்பில் சாராயம் இல்லாத நேரம், மனசும் தெளிவாக இருக்கும். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று ஓர் அமைப்பு, 1935இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீண்ட இரண்டு பேர் ஆரம்பித்தது. இன்றைக்கு நம் ஊர்களிலும் தமிழிலேயே கூட்டம் நடத்துகிறார்கள், கட்டணம் கிடையாது. மாலை போட்டபோது அந்தப் பத்து சாமிகள் செய்ததைத்தான் இவர்கள் வருஷம் முழுக்கச் செய்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். காலையில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும் சிந்துகிறதா? அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும் கூடும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ வெட்ட வருகிறான் என்று கத்துவார். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியிடம் கூட்டிப் போகிறார்கள், அங்கே திருநீறு பூசிக்கொண்டிருக்கும் நேரத்தில் உயிர் போன கதைகள் உண்டு. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும், 'குடியை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது' என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் பி1 வைட்டமின் ஊசி போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும், சொல்லாமல் விட்டால் மூளையே பாதிக்கப்படலாம்.

கேள்வி: நான் தினமும் ஒரு பீர் மட்டும்தான். பீரில் என்ன ஆபத்து? – வாசகர், ஓசூர்

பதில்: 650 மில்லி பாட்டில், ஸ்ட்ராங் வகை என்றால் 8 சதவீதம் வரை ஆல்கஹால், கணக்குப் போட்டால் சுமார் 40 கிராம். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம். நீங்கள் தினமும் குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு குடிக்கிறீர்கள். ஈரலுக்குப் பாட்டிலின் லேபிள் தெரியாது.

கேள்வி: 1937இல் முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டத்துக்காரன் நான். கடைகளை மொத்தமாக மூடினால்தானே தீர்வு? – ஓய்வு பெற்ற ஆசிரியர், சேலம்

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. அன்றைக்கும் வருமானம் போகிறதே என்ற கவலை இருந்தது, அதை ஈடுகட்ட ராஜாஜி அரசு 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பிறகு மதுவிலக்கை 1971இல் தளர்த்தி, 1974இல் கடைகளை மூடி, 1981இல் திறந்து, 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 2024–25இல் அந்த வருமானம் 48 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 2016, 2017, 2023 என்று மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறு கடைகளாக மூடியும் வருமானம் ஏறிக்கொண்டுதான் போகிறது.

மொத்தமாக மூடுவது என்றதும் எனக்குக் கருணாபுரம்தான் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள், அதற்கு முந்தின வருஷம் மரக்காணம். இரண்டு முறையும் டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. குவார்ட்டருக்குக் காசில்லாத கூலிக்காரர், கை நடுக்கத்தோடு விடிகாலையில் எழுந்து, மதியம் 12 மணி வரை காத்திருக்க முடியாதவர், பாக்கெட் சாராயத்தைத் தேடிப் போகிறார். கடையைக் குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள், நான் உங்கள் பக்கம். ஆனால் அந்த நடுக்கத்துக்கு வைத்தியம் பார்க்க ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் பத்துப் படுக்கை போடாமல் கடையை மட்டும் மூடினால் இவர்கள்தான் முதலில் சாவார்கள். 48 ஆயிரம் கோடியில் அதற்குப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கேள்வி: ஐடிஐ படிக்கும் மகனின் பையில் ஊசியும் மாத்திரை அட்டையும் இருந்தன. அவன் அப்பாவிடம் சொன்னால் அடித்தே கொன்றுவிடுவார். – வாசகி, திருப்பூர்

பதில்: அட்டையில் இருக்கும் பெயரைப் படித்துப் பாருங்கள். டாபென்டடால் என்றிருந்தால், அது பலமான வலி மாத்திரை. அதை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரே ஊசியை நாலு பேர் போட்டால் ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி எல்லாம் வரும், அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும். அடிக்காதீர்கள், அடி வாங்கியவன் வீட்டை விட்டுத்தான் ஓடுவான். அவன் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, 'பார்த்துவிட்டேன், பயமாக இருக்கிறது, வா டாக்டரிடம் போகலாம்' என்று மட்டும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையும், போதை ஊசிக்குப் பதிலாகக் கொடுக்கும் மாற்று மருந்தும் அரசு மையங்களில் கிடைக்கின்றன. இந்த வாரமே போங்கள், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் மச்சான் கல்யாணம். முந்தின நாள் ராத்திரி மண்டபத்து மாடியில் தண்ணிக் கச்சேரி நிச்சயம். போகாமல் இருக்கவும் முடியாது. – வாசகர், தேனி

பதில்: எட்டு மாதம்! படித்ததும் அவ்வளவு சந்தோஷம். முந்தின நாள் ராத்திரியை விட்டுவிடுங்கள், முகூர்த்தத்துக்குக் காலையில் குடும்பத்தோடு போங்கள். மச்சானிடம் இப்போதே தனியாகச் சொல்லி வைத்துவிட்டால், 'இன்னைக்கு ஒருநாள் மாமா' என்று கையைப் பிடித்து இழுக்கும் ஆட்களை அவரே பார்த்துக்கொள்வார். மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் அந்த வாரம் ஒரு வேளைகூட விடக்கூடாது. பசியோடும் போகாதீர்கள், பசி ஆசையைக் கிளப்பும். பந்தியில் உட்கார்ந்து வயிறார சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு மதியமே கிளம்பிவிடுங்கள். அப்படியும் கால் வழுக்கிவிட்டால் மறுநாள் காலையே உங்கள் டாக்டரைப் பாருங்கள், எட்டு மாதமும் வீணாகிவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கல்யாணம் முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.