ஜான் லெனனிடம் கொண்டுபோன நோட்டுப் புத்தகம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் தாவித் த்ருவேபாவின் 'கண்ணை மூடிக்கொண்டால் வாழ்வது எளிது' (2013) பார்த்தேன். நல்ல படம்தான். ஆனால் இரண்டு குறைகள். 1966 என்றால் ஸ்பெயினில் பிராங்கோவின் சர்வாதிகாரம். படத்தில் அது எங்கே இருக்கிறது? வெயில், கடல், நல்ல மனிதர்கள் என்று வாழ்த்து அட்டை மாதிரிப் போகிறது. இரண்டாவது, அவ்வளவு தூரம் காரோட்டிப் போய் ஜான் லெனனைச் சந்திப்பதைக் கண்ணில் காட்டாமலே விட்டுவிட்டார்கள். ஒரு ரசிகர் தன் அபிமானப் பாடகரைப் பார்க்கப் போன கதை, அதற்கு மேல் இதில் என்ன? நான் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டலாமா?

ர.

அன்புள்ள ர.,

ரசிகர் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்தச் சொல்லோடுதான் சண்டை. நீங்களே ஆசிரியர் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. அல்பாசெத்தே ஊரில் ஆங்கிலம் கற்பிக்கும் அந்தோனியோ (ஹாவியர் காமரா), ஜான் லெனன் இருந்த ஆங்கிலேய இசைக்குழுவான பீட்டில்ஸின் பாட்டுகளை வைத்தே பாடம் நடத்துகிறவர். லெனன் ஒரு சினிமாவில் நடிக்க அல்மேரியா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தன் சின்னக் காரில் தனியாகக் கிளம்புகிறார். வழியில் பெலேன் என்ற கர்ப்பிணிப் பெண்ணும், முடிவெட்டச் சொன்ன அப்பாவிடமிருந்து ஓடிவந்த ஹுவான்ஹோ என்ற பதினாறு வயதுப் பையனும் ஏறிக்கொள்கிறார்கள். கதை இவ்வளவுதான்.

இதற்கு மூலமாக நிஜமாகவே ஒருவர் இருந்தார். கார்த்தஹேனா ஊரில் ஆங்கிலம் கற்பித்த ஹுவான் கார்ரியோன். லெனன் 1966இல் ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய ஒரு போர்ப் படத்துக்காக அல்மேரியாவில் சில வாரங்கள் இருந்தார், தன் 26வது பிறந்தநாளையும் அங்கேதான் கழித்தார். அப்போதுதான் கார்ரியோன் அவரைப் பார்க்கப் போனார். கையில் என்ன கொண்டுபோனார் என்பதைக் கவனியுங்கள். நோட்டுப் புத்தகங்கள். ரேடியோவில் பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டுக் கேட்டுத் தன் கைப்பட எழுதியவை, வார்த்தை பிடிபடாத இடத்தில் எல்லாம் வெற்றிடம் விட்டிருந்தார். அந்த இடங்களை நிரப்பித் தாருங்கள், பிழை இருந்தால் திருத்துங்கள் என்று கேட்கத்தான் போனார். லெனனும் உட்கார்ந்து திருத்திக்கொடுத்தார்.

இது ஏன் பெரிய விஷயம் என்று அந்தக் காலத்து ஸ்பெயினை நினைத்துப் பார்த்தால்தான் புரியும். அங்கே பள்ளிகளில் அந்நிய மொழி என்றால் பெரும்பாலும் பிரெஞ்சுதான். வெளிநாட்டுப் படங்களை ஸ்பானிஷில் டப்பிங் செய்துதான் காட்ட வேண்டும் என்று 1941இல் அரசாணையே போட்டிருந்தார்கள், பிறகு அது வழக்கமாகவே ஊறிவிட்டது, அதனால் ஆங்கிலம் பேசுகிற ஒரு குரலைத் திரையரங்கில்கூடக் காதால் கேட்க முடியாது. மிச்சம் இருந்தது ஆங்கிலப் பாட்டுகள் போடும் வெளிநாட்டு வானொலியான ரேடியோ லக்சம்பர்க். ராத்திரியில் மத்திய அலைவரிசையில் வரும், நல்ல வரி வரும்போது பார்த்துச் சத்தம் தேய்ந்து போய்விடும், மறுபடி மேலே வருவதற்குள் வரி முடிந்திருக்கும். ரெக்கார்டு வாங்கலாம், ஆனால் பீட்டில்ஸ் ரெக்கார்டு உறைகளில் அதுவரை பாட்டு வரிகளை அச்சிட்டதில்லை. சரி, நாளைக்கு வகுப்பில் நின்று ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால்? அந்தப் பயம் உங்களுக்குத் தெரியும். ரசிகருக்குக் கையெழுத்து போதும், ஆசிரியருக்குத்தான் சரியான வார்த்தை வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1967 ஜூனில், 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பம் வந்தது. பீட்டில்ஸ் ரெக்கார்டுகளில் முதல்முறையாகப் பின்னட்டையில் எல்லாப் பாட்டின் வரிகளும் அச்சாகியிருந்தன. பாட்டு வரிகளையும் சேர்த்து வெளியிடுங்கள் என்று கார்ரியோன் லெனனிடம் கேட்டிருந்தார். அவர் கேட்டதால்தான் இது நடந்தது என்று அடித்துச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை, ஆனாலும் அந்தப் பின்னட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெற்றிடம் விட்ட நோட்டுப் புத்தகங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

அப்புறம் நீங்கள் சொன்ன சர்வாதிகாரம். படத்தில் அது எங்கே என்கிறீர்கள், எனக்கு அது எல்லா இடத்திலும் இருக்கிறது என்றே படுகிறது. பெலேனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை ஒளித்துவைக்கிற விடுதியிலிருந்து வெளியே வந்தவள். அன்றைய ஸ்பெயினில் கல்யாணமாகாத பெண் 25 வயதுவரை பெற்றோர் சம்மதம் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போய் வாழச் சட்டப்படி முடியாது, 1972இல்தான் அதை மாற்றினார்கள். கட்டியவள் என்றால் வங்கிக் கணக்குத் திறக்கவும் புருஷன் அனுமதி வேண்டும், அது 1975வரை. வழிதவறக்கூடும் என்று கருதிய பெண்களை விடுதிகளில் அடைத்துவைக்க அரசின் அமைப்பே ஒன்று இருந்தது, அதன் தலைமையில் பிராங்கோவின் மனைவி. இதையெல்லாம் யாரும் வசனமாகச் சொல்வதில்லை. அந்தப் பெண் காரில் ஏறிய பிறகும் தன்னைப் பற்றி எதையும் சொல்லத் தயங்குகிறாளே, அந்தத் தயக்கத்துக்குள் இது அத்தனையும் இருக்கிறது. ஹுவான்ஹோவின் அப்பா போலீஸ்காரர். அவருக்குப் பையனின் முடி நீளம் நாட்டின் ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம். சர்வாதிகாரம் சிறையில் மட்டும் இருந்துவிடுவதில்லை, சாப்பாட்டு மேஜைக்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. த்ருவேபா அந்த மேஜையைக் காட்டினார், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

முடி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஹுவான்ஹோ பீட்டில்ஸ் மாதிரி நீளமாக வளர்த்த முடியை வெட்டமாட்டேன் என்று வீட்டைவிட்டு ஓடி வருகிறான். ஆனால் அல்மேரியாவில் இருந்த லெனன் சிப்பாய் வேஷத்துக்காக அப்போதுதான் தன் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்! பீட்டில்ஸ் முடியைக் காப்பாற்றிக்கொள்ள ஓடும் பையன், பீட்டில்ஸ் முடி இல்லாத பீட்டில் இருக்கும் ஊருக்குத்தான் போய்ச் சேருகிறான். லெனனுக்கும் அது குழப்பமான காலம். ஆகஸ்ட் கடைசியில் பீட்டில்ஸின் கடைசிச் சுற்றுப்பயணம் முடிந்திருந்தது, இனி என்ன செய்வது என்று தெரியாமல் அந்தப் பாலைவன வெயிலில் காத்திருந்தபோதுதான் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டைக் கட்ட ஆரம்பித்தார். படத்தின் தலைப்பே அந்தப் பாட்டின் ஒரு வரி.

சந்திப்பைக் காட்டாததுதான் உங்களுக்குப் பெரிய மனக்குறை. எனக்கும் முதல்முறை பார்த்தபோது கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது, மறைக்கவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது வேறு மாதிரி பட்டது. லெனன் வேஷம் போட்ட ஒரு நடிகரை மூக்குக்கண்ணாடியோடு உட்காரவைத்திருந்தால் நாம் அவர் அச்சு அசலாக இருக்கிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம், அந்தோனியோ முகத்தை மறந்திருப்போம். இப்போது நமக்கு மிஞ்சுவது திரும்பி வருகிற மனிதர் மட்டும்தான். காமராவின் முகத்தில் அந்த இடத்தில் இருக்கிற சந்தோஷம், பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பையன் வீட்டுக்கு வருகிற சந்தோஷம். பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காமலிருந்த, ஸ்பெயின் சினிமாவின் கோயா விருது இந்தப் படத்துக்குத்தான் அவருக்கு வந்தது. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, அறிமுக நடிகை, இசை என்று அதையும் சேர்த்துப் படத்துக்கு மொத்தம் 6. இசை பாட் மெத்தனி, அதைத் தனியாக ஒருமுறை ராத்திரியில் கேட்டுப்பாருங்கள்.

ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கடற்கரை மதுக்கடைக்காரர் வருகிற பகுதி கொஞ்சம் நீளம், அங்கே எல்லாரும் தேவைக்கு அதிகமாகவே நல்லவர்களாக இருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போட்டுக்காட்டுங்கள். பெலேன் விஷயத்தை முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது புரியும். ஆனால் படத்துக்கு முந்தைய நாள் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தோனியோ வகுப்பில் எடுக்கிற 'ஹெல்ப்' பாட்டை மூன்று முறை போட்டு, காதில் விழுவதை மட்டும் எழுதச் சொல்லுங்கள், பிடிபடாத இடத்தில் கோடு போடட்டும். ஒருவரும் நெட்டில் தேடக்கூடாது. நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, படம் முடிந்த பிறகு திருப்பிக் கொடுங்கள். எத்தனை கோடு விழுந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்