புளி ஊற்றியபின் வேகாத உருளைக்கிழங்கு

வணக்கம் சகோதரி. முக்கால் மணி நேரம் கொதித்தும் கிழங்கு நறுக்கென்றே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கிழங்கின் மேல் தப்பில்லை. புளியை முதலிலேயே ஊற்றியதுதான் காரணம். புளிப்பு சேர்ந்தால், கிழங்கைப் பசைபோல இறுகப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் லேசில் இளகாது.

கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், மசாலாத்தூள் வதக்கி, கிழங்கை வெறும் தண்ணீரில் உப்போடு வேகவிடுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். அப்புறம்தான் புளி. அரை கிலோவுக்குச் சின்ன எலுமிச்சை அளவு போதும். பச்சை வாசனை போகக் கொதிக்கட்டும். நான் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் விக்டோரியா தெருச் சந்தையில் கட்டிப் புளி வாங்குவேன். பாட்டில் விழுது என்றால் ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள், அது பொல்லாத புளிப்பு.

இன்றைய சட்டியைக் கொட்டிவிடாதீர்கள். குக்கரில் இரண்டு விசில் விட்டால் ஓரளவு தேறும்.