பதினான்கு வயதுக் கால்கள்

அன்புள்ள ஐயா,

பள்ளி அணியின் பயிற்றுநரை அவர் வாங்கித்தந்த கோப்பைகளைக் கொண்டு அளக்கக்கூடாது என்று முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் எட்டு ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களின் கைப்பந்து அணிக்குப் பயிற்சி அளித்துவரும் உடற்கல்வி ஆசிரியன். நிர்வாகமும் பெற்றோரும் என்னிடம் கேட்பது கோப்பையைத்தான். எங்கள் அணியில் எல்லோரையும்விட உயரமாகத் துள்ளி அடிக்கும் மாணவனுக்கு வயது 14. ஒரு மாதமாக முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்கிறான். இறுதிப்போட்டிக்கு மூன்று வாரங்களே இருக்கின்றன. அவன் இல்லாவிட்டால் தோற்றுவிடுவோம். அவனுடைய தந்தையோ, "வலியைத் தாங்கப் பழகட்டும்" என்கிறார். இன்னொன்றும் கேட்க வேண்டும். கடுமையாகத் திட்டாமல், தவறு செய்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவிடாமல், இந்த வயதுப் பிள்ளைகளைப் பழக்க முடியும் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கேள்விகளில் முழங்கால் ஒன்றுதான் அவசரமானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் சிறு முடிச்சுபோலத் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தை அழுத்தினால் அவன் முகம் சுளிக்கிறானா என்று பாருங்கள். தொடையின் முன்தசை, துள்ளும்போதும் தரையில் இறங்கும்போதும், தசைநாண் வழியாக அந்த முடிச்சைத்தான் இழுக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அது கெட்டியான எலும்பு. உங்கள் மாணவனுக்கோ அங்கே இன்னும் குருத்தெலும்பாலான வளர்ச்சிப் பகுதி இருக்கிறது, இழுவையின் முழுச் சுமையும் அதன்மேல் விழுகிறது. வேகமாக உயரும் வயதில், துள்ளி ஆடும் விளையாட்டுகளில், இப்படி வரும் வலிக்கு மருத்துவத்தில் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். இதுதானா என்பதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நீங்களும் நானும் அல்ல, அவனுடைய தந்தையும் அல்ல. பெரும்பாலும் சுமையைக் குறைத்தால் தணிந்துவிடுகிற, வளர்ச்சி முடியும்போது விலகிவிடுகிற தொல்லைதான் இது என்பதால், அவனை அணியிலிருந்து விலக்கிவிடவும் தேவை இருக்காது. மருத்துவர் அனுமதித்தால், துள்ளி அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக்கொடுப்பது, நின்றபடி சர்வீஸ் போடுவது ஆகியவற்றைச் செய்யட்டும். துள்ளல்களை மட்டும் எண்ணிக் கொடுங்கள். நொண்டினாலோ, மறுநாள் காலையிலும் வலி மிச்சமிருந்தாலோ, இறுதிப்போட்டியாக இருந்தாலும் அவன் ஆடக்கூடாது.

ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது. பதினான்கு வயதில் எல்லோரையும்விட உயரமாகத் துள்ளுகிறவன் ஏன் அப்படித் துள்ளுகிறான்? திறமை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆயினும் பல நேரங்களில் அவன் மற்றவர்களுக்கு முன்பே வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான். உயரம் மிக வேகமாகக் கூடும் பருவம் பெண்களுக்குச் சராசரியாகப் 12 வயதையும் ஆண்களுக்கு 14 வயதையும் ஒட்டி வருகிறது. ஆனால் சராசரி என்பது ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்லாது. பிறந்த ஆண்டு ஒன்றாகவே இருந்தாலும் உடலின் முதிர்ச்சியில் அவர்களுக்கிடையே சில ஆண்டுகள் வித்தியாசம் இருப்பது சாதாரணம். முந்தி வளர்ந்தவனை நாம் தேர்ந்தெடுக்கிறோம், எல்லாப் போட்டிகளிலும் அவனையே இறக்குகிறோம், பயிற்சியில் பந்துகள் எல்லாம் அவனுக்கே போகின்றன. விளைவாக, எலும்பு மிகவும் இளகியிருக்கும் காலத்தில் அணியிலேயே அதிகமாகத் துள்ளுகிறவன் அவனாகிறான். பிந்தி வளர்கிறவனோ, தன் உடல் வந்துசேர்வதற்கு முன்பே விளையாட்டை விட்டுப் போய்விடுகிறான்.

கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளை ஆராய்ந்து ரோஜர் பார்ன்ஸ்லியும் உடனாய்வாளர்களும் 1985இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நெருக்கமான ஒன்றைக் காட்டியது. வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியில் தொடங்கியதால், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அணிகளில் மிக அதிகமாகவும் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருந்தார்கள். பத்து வயதில் பதினொரு மாத மூப்பு எவ்வளவு பெரிய அனுகூலம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பின்னர் கால்பந்து உள்ளிட்ட பல விளையாட்டுகளிலும் இதையே கண்டார்கள். பள்ளிக் கோப்பையை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்று நான் எழுதியதற்கு இதுதான் காரணம்: அந்தக் கோப்பையில் ஒரு பங்கு நாட்காட்டிக்கு உரியது.

நானும் இந்தத் தவற்றைச் செய்தவன். குள்ளமாக இருக்கிறான் என்று நான் ஒதுக்கிய ஒரு மாணவன் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்து நின்றபோது, அவனிடம் பேச நான் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் அவன் பந்தைத் தொடுவதையே விட்டிருந்தான். அதன்பிறகுதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருடைய உயரத்தையும் அளந்து ஒரு நோட்டில் குறித்துவைக்கும் வழக்கம் எனக்கு வந்தது. உயரம் திடீரென்று கூடியிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பருவத்தில் துள்ளலைக் குறைத்து, கால்வைப்பையும் பந்து எடுக்கும் நுணுக்கத்தையும் கூட்டுவேன். நீண்டுவிட்ட கைகால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர்கள் தடுமாறும் காலம் அது. அதைச் சோம்பல் என்று எண்ணித் திட்டுகிற பயிற்றுநர்களைப் பார்த்திருக்கிறேன்.

திட்டுவதைப் பற்றி. ஜான் வுடன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பள்ளியில் ஆங்கில ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் தொடங்கி, பின்னர் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய வெற்றியாளராக்கியவர். 1974-75 பருவத்தில் தார்ப், கேலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளின்போது ஓரமாக உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் 2,326 செயல்களாகக் குறித்துக்கொண்டார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கு, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற தகவல்தான். பாராட்டு சுமார் 7 சதவீதம், கண்டனமும் ஏறக்குறைய அதே அளவு. ஒருவன் தவறினால் சரியான முறையைச் செய்துகாட்டுவார், அவன் செய்த தவற்றைச் செய்துகாட்டுவார், மறுபடி சரியானதைக் காட்டுவார். சில நொடிகளில் முடிந்துவிடும். பருவத்தின் தொடக்கத்தில் அவர் கற்றுத்தந்தது காலுறை அணிவது. சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது என்பார். இளகிய மனிதர் அல்ல, மிகக் கண்டிப்பானவர். ஆனால் அந்தக் கண்டிப்பு முழுவதும் பாடத்தின்மேல் இருந்தது.

வெற்றிக்குத் திட்டு தேவை என்பவர்களிடம் நான் சொல்வது 1992இல் வெளியான ஓர் ஆய்வை. சிறுவர் பேஸ்பால் பயிற்றுநர்களில் ஒரு பிரிவினருக்கு, தவறுக்குத் தண்டிக்காமல் ஊக்கமும் திருத்தமும் தரப் பழக்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்களுடைய பிள்ளைகளில் 5 சதவீதத்தினரே ஆட்டத்தை விட்டார்கள். மற்றப் பிரிவில் 26 சதவீதத்தினர். வெற்றி தோல்விக் கணக்கில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. திட்டியவர்கள் அதனால் கூடுதலாக ஒரு போட்டியையும் வென்றுவிடவில்லை என்று நான் இதைப் படிக்கிறேன்.

தண்டனை ஓட்டத்தில் இன்னொரு கேடும் உண்டு. அது பயிற்சிக் கணக்கில் சேராத சுமை. கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் ஓடவிட்ட சுற்றுகளில் அந்த மாணவனும் ஓடியிருப்பான் அல்லவா?

நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் பருவம் தொடங்குவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். தோற்ற பிறகு பேசினால் எல்லாமே சாக்குப்போக்காகத்தான் கேட்கும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று ஐயம் எழுந்தால் அன்று அந்தப் பிள்ளை மறுபடி களமிறங்காது, இந்த வயதினருக்கு 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் வேண்டுமென்பதால் விடிவதற்கு முன் பயிற்சி கிடையாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு ஆகியவற்றை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஆண்டு முடிவில், தொடங்கியவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் கோப்பையோடு சேர்த்துக் காட்டுங்கள்.

அந்த மாணவனிடம், ஆட முடியாத நாட்களில் எதிரணியில் பந்து எடுத்துக்கொடுப்பவரின் கைகளைக் கவனித்து, அடுத்த பந்து எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். வெறுமனே உட்காரவைத்தால் வலி போய்விட்டதாகப் பொய் சொல்லத் தொடங்குவான். இந்த வயதில் எல்லோரும் அதைச் செய்வார்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். சென்ற ஆண்டு தைத்த சீருடைக் காற்சட்டை இப்போது அவனுக்குக் கணுக்காலுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதையும் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
க.